வேலை தேடுவோர் செய்யும் பிழைகள்

(கடையம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய தினம் நாம் பேசுவதற்கென்று இவ்வூர்த் தோழர்கள் குறித்துக் கொடுத்திருக்கும் விஷயம் கடவுளைப் பற்றியதல்ல, புராணத்தைப் பற்றியதுமல்ல. வேலை தேடி அலையும் வாலிபர்களைப் பற்றியது. கீழக்கடையம் ரயிலடியிலிருந்து வரும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் நம்மைப் பார்த்து, "சாமி இல்லைன்னு சொல்லுத ஆளுகல்லா நீங்க! வேலை வாங்கித் தாரதுக்கும் வந்திட்டியளா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. வேலை வாங்கித் தர நம்மால் ஆகாது. அப்படி வாங்கித் தருவதாகச் சொல்லுகிறவன் எவனாயிருந்தாலும் அவனை நம்பவேண்டாம் என்பதே நாம் இன்று சொல்லப்போகும் சங்கதிகளில் ஒன்று. ஆனால் கிடைக்கக்கூடிய வேலையை நம் பிள்ளைகள் தாங்களே எப்படிக் கெடுத்துக் கொள்ளுகிறார்கள் என்பதையும், அந்தக் கேட்டில் பெரும்பகுதி ஜோசியன் வீட்டிலும் பெரிய மனிதர் வாசலிலும்தான் விளைகிறது என்பதையும், நாம் கண்டவரையில் சொல்ல ஆசைப்படுகிறோம். அது சுயமரியாதைக்காரனுடைய வேலைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்நாட்டில் பார்ப்பனரல்லாதார் கிளம்பியதே உத்தியோகக் கணக்கை வைத்துக்கொண்டுதான். 1916ஆம் வருஷம் டிசம்பரில் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கையில் ஒரு கணக்கு எடுத்துக் காட்டப்பட்டது. இந்த ராஜதானியில் நிரந்தர ஜில்லா முன்சீப்புகள் 128 பேர். அதில் பார்ப்பனர்கள் 93 பேர். மற்ற இந்துக்கள் அத்தனை கோடிப் பேருக்கும் சேர்த்து 25. அந்த 93 பேரும் கள்ளத்தனமாக வந்தவர்கள் என்று நாம் சொல்லவில்லை. படிப்பு யார் கையில் இருந்தது, மனுவை வாங்குகிற குமாஸ்தா யாருடைய மைத்துனன், காலியிடம் இருப்பது யாருடைய காதில் முதலில் விழும் என்பதையெல்லாம் யோசித்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். அதனால்தான் 1921இல் நீதிக்கட்சி மந்திரிசபை வகுப்புவாரி உத்தரவு போட்டது. 1924இல் ஆள் எடுப்பதற்கென்று தனியாக ஒரு போர்டு வைத்தது. 1929இல் இந்தியாவிலேயே முதன் முதலாக ஒரு மாகாணத்திற்கென்று சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டதும் இந்தச் சென்னையில்தான். உத்தியோகம் என்பது மைத்துனன் மச்சானுக்குக் கொடுக்கிற சீர்வரிசையாக இருந்தது போய், அறிவிப்பு போட்டு, பரீட்சை வைத்து, மார்க்கைப் பார்த்துக் கொடுக்கிற காரியமாக ஆவதற்கு இவ்வளவு பாடு.

இவ்வளவு பாடுபட்டு வழி திறந்தபின், நம் பிள்ளை அந்த வழியில் போகாமல், பழையபடி புறவாசலில் போய் நிற்கிறான் என்றால் என்ன சொல்வது?

இந்த ஊரிலேயே நடந்த ஒரு வேலை தேடலைச் சொல்லுகிறோம். 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து நிபந்தனையின்பேரில் வெளிவந்த சுப்பிரமணிய பாரதியார், தம் மனைவி செல்லம்மாளின் ஊராகிய இந்தக் கடையத்திற்கு வந்து சுமார் 2 வருஷ காலம் இருந்தார். பாரதியாருடைய கருத்துக்களில் நமக்கு ஒப்புதல் இல்லாதவை பல உண்டு. அது வேறு நாளைக்குப் பேசவேண்டிய பேச்சு. அவர் ஜாதி ஆசாரத்தை மீறி நடந்தார் என்பதற்காக அவருடைய சொந்த ஜாதிக்காரர்களே அவரை ஒதுக்கினார்கள் என்பதை மட்டும் இப்போதைக்கு ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கையில் காசில்லை. அரசியல் எழுதச் சர்க்கார் தடை. இந்த நிலைமையில் 1919 மே மாதம் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு ஒரு சீட்டுக்கவி எழுதி அனுப்பினார். புலவன் அரசனுக்கு எழுதுகிற பழைய முறைப்படி, தம் புலமையின் பெருமையைச் சொல்லி, சால்வையும் பொற்பையும் பல்லக்கும் கொடுத்து மரியாதை செய்ய வேண்டுமென்று எழுதினார். பயன் ஒன்றுமில்லை. 1920இல் தம் நூல்களையெல்லாம் 40 புத்தகங்களாக அச்சிடுவதற்குத் திட்டம் போட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டுக் கடிதம் அனுப்பினார். அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அந்த வருஷ முடிவில் சென்னைக்குப் போய் மறுபடியும் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் வேலைக்கு அமர்ந்தார். அடுத்த செப்டம்பரில் இறந்து போனார்.

இப்போது இதையே இன்னொரு பக்கம் பாருங்கள். அதே மனிதர் 1904இல், 22 வயது நிரம்பாத வாலிபராய் இருந்தபோது, மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் ஒருவருடைய இடம் தற்காலிகமாகக் காலியாக, மாதம் பதினேழரை ரூபாய் சம்பளத்தில் தமிழ் உபாத்தியாயராகச் சுமார் 3 மாதம் வேலை பார்த்தார். அதிலிருந்து 'சுதேசமித்திர'னுக்குப் போனார். அங்கே இங்கிலீஷில் வருகிற தந்திகளைத் தமிழாக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலை அவருக்குத் தெரிந்தது, எடுத்துக்கொண்டார்கள். மகா கவியென்று யாரும் எடுத்துக் கொள்ளவில்லை, தோழர்களே! தந்தியைத் தமிழாக்கத் தெரிந்தவர் என்று எடுத்துக் கொண்டார்கள். 1920இலும் அப்படியே.

ஜமீன்தாருக்கு எழுதிய கடிதத்தில் என்ன குறை? 'நான் பெரியவன், எனக்குக் கொடு' என்றிருக்கிறதே தவிர, 'உமக்கு இன்ன காரியம் ஆகவேண்டியிருக்கிறது, அதை நான் செய்வேன்' என்று இல்லை. ஜமீன்தாருக்கோ கவியைக் கொண்டு ஆகவேண்டிய காரியம் ஏதுமில்லை. தட்டிய கதவும் பிசகு, தட்டிய விதமும் பிசகு. பசியில் இருக்கிற மனிதனை, நூறு வருஷம் கழித்து உட்கார்ந்துகொண்டு குற்றம் சொல்வது சுலபம் என்பது நமக்கும் தெரியும். அவருக்கு வேறு கதவு அடைத்திருந்தது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு என்ன வந்தது? ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் வந்தது 1948இல். இன்றைக்கும் சீட்டுக்கவி எழுதுவது ஒழியவில்லை. எம்.எல்.ஏ. வீட்டு வாசலில், ஒன்றியத் தலைவர் வீட்டு வாசலில், பஸ் முதலாளி வீட்டு வாசலில், 'ஐயா பார்த்து ஏதாவது செய்யணும்' என்று மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கவி மட்டுந்தான் இல்லை.

'ஏதாவது வேலை' என்கிறானே, அதுவே முதல் பிழை. ஏதாவது வேலை என்று ஒரு வேலை உலகத்தில் கிடையாது. கொடுக்கிறவனிடத்தில் இருப்பது குறிப்பிட்ட வேலை. கணக்கு எழுத ஒருவன், லாரி ஓட்ட ஒருவன், மோட்டார் ரிப்பேர் பார்க்க ஒருவன் என்றுதான் அவன் தேடுகிறான். எனக்கு இன்னது தெரியும் என்று ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாதவன், வேலை கேட்கவில்லை; பிச்சை கேட்கிறான். பிச்சையும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அது போடுகிறவன் மனசு. வேலை அப்படியல்ல.

இனி ஜோசியனிடத்துக்கு வருவோம். சர்வீஸ் கமிஷனுடைய நான்காம் தொகுதிப் பரீட்சையை உங்களில் பலர் எழுதியிருப்பீர்கள். 2025ஆம் வருஷம் அது ஜூலை 12ந் தேதி, சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தொடங்கிற்று. பஞ்சாங்கத்தைப் பாருங்கள். சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரையில் ராகுகாலம். அதாவது தமிழ்நாடு முழுவதும் 11 லட்சத்துக்கு மேற்பட்ட பேர், ஒரே சமயத்தில், சரியாக ராகுகாலத்தில் விடைத்தாளைத் தொட்டார்கள். ராகு என்ன செய்தான்? 11 லட்சம் பேரையும் பெயிலாக்கினானா? நல்ல மார்க்கு வாங்கினவன் ராகுகாலத்தில் எழுதித்தான் வாங்கினான். வாங்காதவனும் அதே ராகுகாலத்தில் எழுதித்தான் வாங்கவில்லை. இதற்குமேல் ஜோசியத்தைப் பொய்யென்று காட்ட நாம் ஒரு மேடை போட்டுப் பேசவேண்டுமா?

நாம் இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அந்தப் பரீட்சைக்கு மனுப் போட்டவர்கள் 13 லட்சத்துக்கு மேல். வந்து எழுதினவர்கள் 11 லட்சத்துச் சொச்சம். 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வரவேயில்லை. 2022இல் மனுப் போட்டவர்கள் சுமார் 22 லட்சம், எழுதினவர்கள் சுமார் 18 லட்சம். வராதவர்களில் காய்ச்சலாய்க் கிடந்தவர்களும், வேறு வேலை கிடைத்தவர்களும், படிக்காமல் பயந்தவர்களும் இருப்பார்கள். 'இந்த வருஷம் இவனுக்குச் சனி, எழுதினாலும் கிடைக்காது' என்று வீட்டில் சொல்லி நிறுத்திய பிள்ளைகளும் உண்டு. நமக்கே அப்படி மூன்று வீடுகள் தெரியும். அந்த வீடுகளில் பரிகாரத்திற்குச் செலவான பணம், பழைய கேள்வித்தாள் புத்தகம் வாங்குகிற பணத்தைவிடப் பலமடங்கு. ஜாதகத்தைப் பத்துத் தடவை பார்த்தவர்கள், அந்தப் பரீட்சையின் அறிவிப்பை ஒரு தடவை முழுதும் படித்திருக்க மாட்டார்கள்.

அறிவிப்பைப் படிக்காததனால் வருகிற நஷ்டத்தை எண்ணி முடியாது. கம்ப்யூட்டர் கடைக்காரனிடத்தில் சர்ட்டிபிகேட்டுகளைக் கொடுத்து, 'அண்ணாச்சி, நீங்களே போட்டுருங்க' என்று சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போய்விடுகிறான். அந்தக் கடைக்காரனுக்கு அன்றைக்கு நூறு மனு. பத்தாவது சர்ட்டிபிகேட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, தகப்பன் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது உபாத்தியாயர் வசதிக்குப் போட்டது ஒன்று, ஜாதகத்தில் இருப்பது ஒன்று. இதெல்லாம் பரீட்சையில் தேறி, சான்றிதழ் சரிபார்க்கிற நாளில்தான் வெளிவருகிறது. அங்கே நின்று அழுது என்ன பிரயோஜனம்?

தமிழிலேயே படித்தவர்களுக்கென்று 100க்கு 20 இடம் ஒதுக்கி 2010இல் சட்டம் செய்தார்கள். நல்ல சட்டம். 2020இல் அதைத் திருத்தி, வேலைக்கு வேண்டிய படிப்பு வரையில் முழுவதும் தமிழில் படித்திருக்கவேண்டும் என்று ஆக்கினார்கள். பத்தாவது படிப்பு வேண்டிய வேலையென்றால் முதல் வகுப்பிலிருந்து பத்தாவது வகுப்பு வரையில் தமிழில் படித்ததற்கு அத்தாட்சி வேண்டும். நம் கிராமத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தமிழில் படித்தவர்கள்தான். ஆனால் ஐந்தாவது வரை படித்த ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் போய் அந்தத் தாளை வாங்கி வைத்திருக்கிறவன் எத்தனை பேர்? முடிவு தேதிக்கு முதல்நாள் ஓடுகிறான். அன்றைக்குப் பார்த்துத் தலைமையாசிரியர் கல்யாணத்திற்குப் போயிருக்கிறார்.

ஜாதிச் சான்றிதழ் விஷயமும் அப்படியே. ஜாதி ஒழியவேண்டும் என்கிற நாமே ஜாதிச் சான்றிதழை வாங்கச் சொல்லுகிறோமே என்று சிலர் கேலி பேசுகிறார்கள். நோய் ஒழியவேண்டும் என்கிறவன்தான் நோயின் பெயரைச் சீட்டில் எழுதி மருந்து வாங்குகிறான். அந்தப் பங்கு யாரும் போட்ட பிச்சையல்ல. 1951இல் சுப்ரீம் கோர்ட்டு வகுப்புவாரி உத்தரவைச் செல்லாதென்று சொன்னபோது, இந்த நாட்டில் எழுந்த கிளர்ச்சியால் அரசியல் சட்டத்தையே அந்த வருஷத்தில் முதல் தடவையாகத் திருத்த வேண்டியதாயிற்று. அவ்வளவு விலை கொடுத்த தாளைப் பெட்டியில் பூச்சி அரிக்கவிட்டு, பொதுவில் மனுப் போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாணமான பெண்களுடைய சங்கதி இன்னும் வேடிக்கை. தகப்பன் பெயரில் இருக்கவேண்டிய ஜாதிச் சான்றிதழைக் கணவன் பெயரில் வாங்கிக்கொண்டு போகிறார்கள், அங்கே தள்ளுபடி. கல்யாணம் ஆன மறுநாளே பெண்ணை எல்லாவற்றிலும் இன்னொருவனுடைய சொத்தாகப் பதிந்துவிடுகிற வழக்கத்தின் பலன் இது.

இப்போது தரகர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். பெரிய நஷ்டம் இதில்தான்.

ஒரு குடும்பத்தில் தகப்பனார் வயலை விற்று, தாயார் தாலிக்கொடியை அடகு வைத்து, 'அஞ்சு லட்சம் பொரட்டிட்டாப் போதும், ஆர்டர் வீட்டுக்கே வரும்' என்று சொன்னவன் கையில் கொடுத்தார்கள். இதை நாம் கேட்டபோது அந்தத் தகப்பனாரிடத்தில் ஒரு கேள்விதான் கேட்டோம்: "நான்காம் தொகுதி வேலைக்கு இன்டர்வியூ உண்டா?" அவருக்குத் தெரியவில்லை. கிடையாது, தோழர்களே! எழுத்துப் பரீட்சை, சான்றிதழ் பார்ப்பது, பிறகு மார்க்கு வரிசைப்படி கூப்பிட்டு இடம் கொடுப்பது; அவ்வளவுதான். நேரில் பார்த்து மார்க்குப் போடுகிற இடமே இல்லாதபோது சிபார்சு எந்த வழியாக நுழையும்? தரகன் செய்வது இவ்வளவே: நூறு பேரிடத்தில் பணம் வாங்குகிறான். அதில் இரண்டு பிள்ளைகள் தங்கள் படிப்பினாலேயே தேறிவிடுகிறார்கள். அந்த இருவரும் 'அவர் வாங்கித் தந்தார்' என்று ஊரெல்லாம் சொல்லுகிறார்கள். குலதெய்வம் வரம் கொடுக்கிற முறையும் இதே கணக்குத்தான் என்பதை நீங்களே ஒத்திட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

மோசடியே நடப்பதில்லையா என்பீர்கள். நடந்ததுண்டு. 2019 செப்டம்பர் 1ந் தேதி நடந்த நான்காம் தொகுதிப் பரீட்சையில், ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் சிலர், சில மணி நேரத்தில் தானே மறைந்துவிடுகிற மையினால் விடையைக் குறித்தார்கள். தாள் போகிற வழியில் சரியான விடையைக் குறிக்க வேறு ஆள். மந்திரம்போல நடந்தது. ஆனால் அந்த இரண்டு ஊரிலிருந்தே அத்தனை பேர் முன்வரிசையில் வந்ததைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சந்தேகப்பட்டுக் கேட்டார்கள். 2020 ஜனவரியில் குட்டு வெளிப்பட்டு, 99 பேர் ஆயுள் முழுவதும் பரீட்சை எழுதக்கூடாதென்று தள்ளப்பட்டார்கள். பணமும் போயிற்று, மானமும் போயிற்று, இனி எழுதுகிற உரிமையும் போயிற்று. போக்குவரத்துக் கழக வேலைக்கென்று பணம் வாங்கியதாகத் தொடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் போனதை நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அதில் பணம் கொடுத்ததாகச் சொன்னவர்களுக்கு வருஷக் கணக்காகக் கோர்ட்டு வாசல்தான் வேலை ஸ்தலம்.

வெளிநாட்டு வேலை இன்னும் மோசம். 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் தமிழ்ப் பிள்ளைகளை மியான்மரில் மியாவாடி என்ற இடத்துக்குக் கடத்தி, துப்பாக்கிக் காவலில் வைத்து, கம்ப்யூட்டரில் ஊரை ஏமாற்றுகிற திருட்டு வேலையைச் செய்யச் சொன்னார்கள். அந்த வருஷம் அக்டோபரில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவன் 1983ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிந்திருக்க வேண்டும். தன் கூலியாக, வரி நீங்கலாக, 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது. சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்றால் அவன் திருடன். அதற்கு வேறு விசாரணை வேண்டியதில்லை. இரண்டு லட்சம் கொடுக்கத் தயாராகிற தகப்பன், 'உன் பதிவு நம்பர் என்ன?' என்று கேட்க மட்டும் வெட்கப்படுகிறான். பெரிய மனிதரைப் போய் எப்படிக் கேட்பது என்கிறான். கேட்காத மரியாதை யாருக்கு லாபம்?

நேரில் பார்த்து ஆள் எடுக்கிற கம்பெனிகள், கடைகள் விஷயத்தில் நமக்குச் சொந்த அனுபவம் கொஞ்சம் உண்டு. நாம் முன்பு சில வருஷ காலம் ஒரு சிறு அச்சகத்துக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தோம். ஒரு தடவை புரூப் திருத்த ஆள் தேவையென்று வாசலில் அறிவிப்பு ஒட்டினோம். வந்தவர்களில் ஒரு பையனுக்குப் பதிலாக அவன் தகப்பனாரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். 'தம்பிக்குத் தமிழ் வருமா?' என்றால், 'நல்லா வரும் சார், அவன் கூச்ச சுபாவம்' என்கிறார். இன்னொருவன் கொண்டுவந்த மனுவில் வேறொரு கம்பெனியின் பெயர் இருந்தது. நண்பன் எழுதியதைப் பார்த்து எழுதி, பெயரை மாற்ற மறந்துவிட்டான். புரூப் திருத்த வந்தவன்! மூன்றாமவன் உள்ளே வந்ததும் சாஷ்டாங்கமாய்க் காலில் விழுந்தான். 'எழுந்திரப்பா' என்று தூக்கி நிறுத்துவதற்குள் நமக்குத்தான் வெட்கமாய்ப் போயிற்று. காலில் விழுகிறவன் பணிவுள்ளவன் என்று நினைக்கிற முதலாளிகள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்படி எடுக்கிறவன் ஆளை எடுக்கவில்லை, அடிமையை எடுக்கிறான். சம்பள நாளில் அது தெரியும்.

கடைசியில் ஒரு பெண் வந்தாள். பன்னிரண்டாவதுதான் படிப்பு. "உங்க அறிவிப்புல ரெண்டு எழுத்துப்பிழை இருக்கு சார்" என்றாள். நமக்குச் சுருக்கென்றது, உண்மையை ஒப்புக்கொள்ளுகிறோம். உங்கள் கம்ப்யூட்டர் எழுத்து முறை எனக்குத் தெரியாது, பத்து நாளில் கற்றுக்கொள்ளுவேன், அதுவரைக்கும் பேனாவில் திருத்தித் தருகிறேன் என்றாள். சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, கடைசி பஸ்ஸுக்கு விடுவீர்களா என்று கேட்டாள். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும், வேண்டியதை வேண்டும் என்றும் சொன்னவள் அவள் ஒருத்திதான். எடுத்துக் கொண்டோம். சம்பளம் கேட்டால் கோபித்துக் கொள்ளுவார்களோ என்று பயந்து கேட்காமலே சேர்ந்துவிட்டு, மாசக் கடைசியில் மனம் வெதும்புகிற பிள்ளைகளை அவளிடத்தில் பாடம் கேட்க அனுப்பலாம்.

ஆனால் எல்லாவற்றையும் வேலை தேடுகிறவன் பிழை என்று தலையில் கட்டிவிட்டுப் போக நாம் வரவில்லை. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுடைய யோக்கியதையையும் பார்க்கவேண்டும். தோரட், அட்டவெல் என்ற இரண்டு அறிஞர்கள் 2007இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். பத்திரிகை விளம்பரம் பார்த்துத் தனியார் கம்பெனிகளுக்கு ஒரே படிப்பு, ஒரே தகுதியுள்ள மனுக்களை அனுப்பினார்கள். சிலவற்றில் மேல்ஜாதிப் பெயர், சிலவற்றில் தாழ்த்தப்பட்டோர் பெயர், சிலவற்றில் முஸ்லிம் பெயர். பின்னிரண்டு பெயர்க்காரர்களுக்கு அழைப்பு வருவது குறைந்தது. அமெரிக்காவிலும் இப்படியே வெள்ளையர் பெயரும் கறுப்பர் பெயரும் போட்டு அனுப்பிப் பார்த்து, வெள்ளைப் பெயருக்கு ஒன்றரை மடங்கு அழைப்பு வந்ததென்று 2004இல் வெளியிட்டார்கள். தகுதி, திறமை என்று வாய் கிழியப் பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டுச் சுயமரியாதை மகாநாட்டில் பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடக்கூடாதென்று தீர்மானம் செய்தபோது, பெயரில் என்ன இருக்கிறது என்று சிரித்தார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளையின் மனுவில் பெரும்பாலும் ஜாதி வால் இல்லை. கடிதத்தைப் பிரிக்கிறவனுக்கு உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் அவன் நேரில் கூப்பிட்டு, 'எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? என்ன தெரு?' என்று சுற்றி வளைக்கிறான். அந்தக் கேள்வி வருகிறபோது தலை குனிய வேண்டியவன் கேட்கிறவன். 'வேலைக்கு அது அவசியமா சார்?' என்று அமைதியாய்க் கேளுங்கள். அதனால் அந்த வேலை போகலாம். போகாது என்று பொய் சொல்ல நாம் விரும்பவில்லை.

இன்னொன்று. 2025இல் நான்காம் தொகுதிக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3935. எழுதினவர்களோடு வகுத்துப் பாருங்கள். சுமார் 290 பேருக்கு ஓரிடம். இடங்கள் பிறகு கூடினாலும் கணக்கு அதிகமாய் மாறிவிடாது. கிடைக்காத 289 பேரும் முட்டாள்களா? அல்ல. ஆனால் இருபத்திரண்டு வயதில் எழுதத் தொடங்கி முப்பது வயது வரையில் வேறொன்றும் செய்யாமல் அதையே எழுதிக்கொண்டிருப்பதுதான் பிழை. அதற்குக் காரணம் சம்பளம் மட்டுமல்ல. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவன் உயர்ந்தவன், கையில் எண்ணெய் படிய வேலை செய்கிறவன் தாழ்ந்தவன் என்று மனுதர்மம் ஊட்டிய நஞ்சு நம் ரத்தத்தில் இன்னும் இருக்கிறது. பி.ஏ. படித்தவன் வயர்மேன் வேலை பழகக்கூடாதாம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் படிப்பை நம் இயக்கம் எதிர்த்து, 1954இல் அது ஒழிந்தது கைத்தொழில் இழிவென்பதற்காகவா? அப்பன் தொழிலை மகன் தலையில் கட்டப் பார்த்ததற்காக! தானாகப் பழகுகிற தொழிலில் என்ன இழிவு? பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ கம்பெனி கம்ப்யூட்டர் வேலை நடத்துகிறது. அந்தக் கம்பெனி தன் சொந்தப் பள்ளியில், பட்டமில்லாத பன்னிரண்டாவது படித்த பிள்ளைகளுக்குப் படிக்கிற காலத்திலேயே உதவித் தொகை கொடுத்துப் பழக்கி எடுத்துக் கொள்ளுகிறது. அந்த முதலாளிக்கு நாம் விளம்பரம் செய்யவில்லை. அவருடைய கொள்கைகளுக்கும் நமக்கும் வெகுதூரம். பட்டத்தைக் கேட்காமல் வேலை தெரியுமா என்று கேட்கிற இடங்களும் உண்டு என்பதற்காகச் சொன்னோம்.

நேரமாகிவிட்டது. சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் இரண்டு இருக்கின்றன. 'ஜோசியர் சொன்னால் பிள்ளைக்குத் தைரியமாவது வருமே' என்று ஒன்று. அவர் கிடைக்காதென்று சொன்னால் அந்தத் தைரியம் எங்கே போகும்?

அடுத்த சீட்டு ஒரு தாயார் கொடுத்தது. அவர் மகள் பத்தாவது தேறி, வீட்டில் மூன்று வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். பரீட்சை எழுத ஆசைப்படுகிறாள். 'வயசுப் பெண்ணை வெளியே அனுப்பினால் ஊர் பேசுமே' என்கிறார். அம்மா! முதுகு வளைந்து, புகையிலைத் தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டு, நாள் முழுவதும் வீட்டுக்குள் கூலிவேலை செய்தால் ஊர் பேசுவதில்லை. உத்தியோகத்துக்குப் போனால் பேசுகிறது. அந்த ஊர் உங்கள் வீட்டு அடுப்பில் ஒருநாளாவது உலை வைத்ததா? 1989இலேயே சர்க்கார் வேலையில் 100க்கு 30 இடம் பெண்களுக்கென்று ஒதுக்கியாயிற்று. உங்கள் மகள் முதல் வகுப்பிலிருந்து தமிழில்தான் படித்திருப்பாள். நாளைக் காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு அவள் படித்த ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குப் போய், அந்த அத்தாட்சித் தாளைக் கேளுங்கள். தகப்பன் பெயரில் ஜாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று இன்று ராத்திரியே பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய கேள்வித்தாள்களை நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மனுவில் ஒவ்வொரு எழுத்தையும் அவளே படித்துப் பார்த்துப் போடட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.